அரைக் கிலோ கதை: மாதச் சிறுகதைப் போட்டிக்கு எழுதுகிறவர்களுக்கு

நான் ரைட்டர். எழுத்தாளன் என்று நினைத்துவிட வேண்டாம். காப்பித் தோட்டத்தில் ஆள் கணக்கும் எடைக் கணக்கும் எழுதுகிறவரை ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், ஒரு தோட்டத்தில் 31 ஆண்டுகள் அந்த உத்தியோகம் பார்த்தேன். ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் ஊர் நூலகத்து வாசகர் வட்டத்தார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் மாதந்தோறும் நடத்தும் சிறுகதைப் போட்டிக்கு வரும் கதைகளை முதலில் படித்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதல் பரிசு ஐந்நூறு ரூபாயும் அரைக் கிலோ காப்பித்தூளும். இரண்டாம் பரிசுக்குத் தூள் மட்டும். தூளுக்காகவே எழுதுகிற ஒருவர் நிலக்கோட்டைப் பக்கம் இருக்கிறார் என்பது என் சந்தேகம். எப்போதும் இரண்டாம் பரிசோடு நின்றுகொள்கிறார்.

மாதத்துக்கு முப்பது கதைகள் வரும். பள்ளி விடுமுறைக் காலத்தில் அறுபதைத் தொடும். முடிவு வந்த வாரம் முழுக்க என்னை வழியில் மறித்து, ‘என் கதையில் என்ன குறை?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி தப்பு. குறையே இல்லாத கதைகள் மாதத்துக்குக் குறைந்தது பத்து தோற்கின்றன. பரிசு வாங்கிய கதையில் என்ன இருந்தது என்றுதான் கேட்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் கதையை யார், எப்போது படிக்கிறார்

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுகிறவர்கள் அதிகம். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்காருவேன். காலில் கம்பளி, பக்கத்தில் டார்ச் விளக்கு. காற்று மழை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் போவது மின்சாரம். ஓர் இரவுக்கு ஏழு எட்டுக் கதை. நாலாவது கதையிலேயே கண் சொக்கும். அந்த நேரத்தில் உங்கள் கதை என் கைக்கு வருகிறது.

மூன்று அடுக்காகப் பிரிப்பேன். விதியை மீறியவை ஓர் அடுக்கு. முதல் பக்கத்தோடு நின்றுபோனவை ஓர் அடுக்கு. நின்றுபோனாலும் கடைசி வரை படித்துத்தான் வைப்பேன், சம்பளமில்லாத வேலையிலும் அந்த ஒழுங்கு உண்டு. மூன்றாவது அடுக்கு, படித்து முடித்த பிறகு அடுத்ததை உடனே எடுக்கக் கை போகாத கதைகள். அதில் மாதத்துக்கு ஐந்தோ ஆறோதான் தேறும். அவற்றைத்தான் மற்ற இரண்டு நடுவர்களிடம் கொண்டுபோவேன். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஊரே டீச்சரம்மா என்று கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான். இன்னொருவர் டீக்கடை வைத்திருக்கும் தம்பி. கடையில் பஜ்ஜி மடிக்கும் காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்.

மூடுபனியை விட்டுத்தள்ளுங்கள்

‘பனிப் போர்வை போர்த்திய மலை மெல்லக் கண் விழித்தது.’ இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் தோட்டத்து ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் அளவுக்குப் புத்தகம் ஆகியிருக்கும். மதுரையிலிருந்து எழுதுகிறவர் இப்படித் தொடங்கினால் மன்னிக்கலாம். அவர் வருஷத்துக்கு ஒருமுறை கோடைக்கானல் வந்து, ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டி, தற்கொலை முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர். ஆகவே அவர் கதையில் மூடுபனியும் தேனிலவும் கடைசியில் அந்த முனையும் வரும். எங்கள் ஊர்க்காரரே அப்படித் தொடங்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே யார் மூடுபனியைப் பார்க்கிறார்கள்? களத்தில் காப்பி காய்கிற நாளில் மஞ்சு இறங்கினால் திட்டுவோம். அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் உள்ள உறவு. திட்டுகிறதிலிருந்து தொடங்கினால் அது கதை.

முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் ஊருக்குத் தாண்டிக்குடி என்று பெயர் வந்தது என்று சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் அதை முதல் பத்தியில் சொல்லிவிட்டு இரண்டாம் பத்தியில் ‘அப்படிப்பட்ட புண்ணிய ஊரில் ராமசாமி என்றொருவன் இருந்தான்’ என்று வந்தால், ராமசாமி வருவதற்குள் நான் பாதி தூங்கிவிடுவேன். கோடைப் பண்பலையில் பழைய பாட்டு ஒலிப்பது, சேவல் கூவுவது, அலாரம் அடிப்பது, அம்மா காப்பி கொண்டுவந்து எழுப்புவது, எல்லாம் அதே வகை. எழுதுகிற கை சூடேறுவதற்காக எழுதிய வரிகள் அவை. எழுதுங்கள், தப்பில்லை. அனுப்பும்போது அவற்றை எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான கதைகள் இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் தொடங்குகின்றன. அங்கே யாரோ யாரிடமோ எதையோ கேட்பார், கிடைக்காது. அந்த இடத்தைக் கத்தரித்து மேலே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

குறிப்புக் கட்டம்

செக்ரோலில் ஆளுக்கு ஒரு வரி. பெயர், நாள், வேலை, கூலி. கடைசியில் விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்: குறிப்பு. தோட்ட மேனேஜரான துரை அதைப் பார்க்கவே மாட்டார். நான் மட்டும் எழுதி வைப்பேன். ஒருவர் வரவில்லை என்றால் ஏன் என்று இரண்டு சொல். ‘ஆடு காணோம்.’ ‘மகள் கோபம்.’ ‘பல்.’ ஒருமுறை ஒருவர் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை. மூன்று நாளும் ‘யானை’ என்று எழுதியிருக்கிறேன். யானை அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா மரத்தை விட்டு அது நகரவில்லை, இவர் கதவைத் திறக்கவில்லை.

பரிசு வாங்கும் கதைகள் இந்தக் குறிப்புக் கட்டத்திலிருந்து வருகின்றன என்பதுதான் ஒன்பது ஆண்டுகளில் நான் கண்டது. தோற்கும் கதைகள் பெரும்பாலும் தலைப்பிலிருந்து வருகின்றன: வறுமை, முதுமை, சாதி, குடி, வெளிநாட்டில் இருக்கும் மகன். இவை எல்லாம் பெரிய விஷயங்கள்தான். ஆனால் ‘முதியோர் இல்லத்தில் ஒரு தாய்’ என்று எழுத உட்கார்ந்தால், அந்தத் தாய் நீங்கள் படித்த எல்லாத் தாய்களின் சாயலிலும் வருவாள். ‘பல்’ என்று எழுத உட்காருங்கள். பல் வலிக்கு வத்தலக்குண்டு போக ஒரு நாள் கூலி போகும் என்பதால் நூலைக் கட்டித் தானே பிடுங்கிக்கொண்ட ஒருத்தியின் கதையில் வறுமை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை.

செய்முறையாகக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஒரு சின்ன நோட்டு. தினமும் ஒரு வரி, இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். அன்றைக்கு யார் எதைச் செய்யவில்லை, ஏன்? செய்ததை எழுதினால் நாட்குறிப்பாகிவிடும். செய்யாததில்தான் கதை இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏன் ஜன்னலைச் சாத்தவில்லை, பெட்டிக்கடைக்காரர் ஏன் இன்றைக்குக் கடனைக் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் முப்பது வரி சேரும். அதில் ஒன்று உங்களை விடாது. அதை எழுதுங்கள்.

அந்த அரைக் கிலோ

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கதை வந்தது. பள்ளிக்கூட நோட்டின் ஏழு பக்கம், பென்சில் கோடு போட்டு எழுதியிருந்தது. எழுதிய அம்மாளுக்கு அதுதான் முதல் கதை.

காப்பிப் பழம் பறிக்கிற ஒருத்தி. பறிப்புக் காலத்தில் எடைக்குத்தான் கூலி. சாயங்காலம் தொங்கு தராசில் அவளுடைய சாக்கை மாட்டுகிறார்கள். முள் 38½-ல் நிற்கிறது. ரைட்டர் 38 என்று எழுதுகிறார். மறுநாள் 41½. அவர் 41 என்று எழுதுகிறார். அவள் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பு மூலையில், சுவரில், கரியால் ஒரு கோடு போடுகிறாள். ஓர் அரைக் கிலோவுக்கு ஒரு கோடு. யாரிடமும் சொல்வதில்லை. தை பிறக்கும் நேரத்துக்கு 41 கோடு. பொங்கலுக்கு வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கிறார். அடுப்பு மூலைக்கு வரும்போது அவள் சொல்கிறாள்: ‘அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.’ ஏன் என்று அவர் கேட்கிறார். பானைக் கரி எப்படியும் படிந்துவிடும், சுண்ணாம்பு வீண் என்கிறாள். கதை முடிந்தது.

படித்து முடித்தபோது மணி பதினொன்று. எனக்கு வேர்த்துவிட்டது. கதையில் வரும் ரைட்டர் நான் இல்லை. அந்த அம்மாள் வேலை பார்த்த தோட்டமே வேறு. ஆனால் அந்த அரையை நானும் விட்டிருக்கிறேன். பழம் ஈரமாக இருக்கும், இலையும் காம்பும் சேர்ந்திருக்கும், அதற்குக் கழிவு என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. முழு எண்ணாக இருந்தால் கூட்டிப் போடச் சுலபம் என்பதும் ஒரு காரணம். பெரிய அக்கிரமம் செய்கிறோம் என்ற நினைப்பே இருந்ததில்லை. எத்தனை பேர் வீட்டுச் சுவரில் கோடு இருந்ததோ.

இந்தக் கதை ஏன் ஜெயித்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதில் அழுகை இல்லை. ‘சுரண்டல்’ என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. வேறு யார் எழுதியிருந்தாலும் மூன்று தடவை வந்திருக்கும். கூலியைப் பற்றிய கதையில் ரூபாய்க் கணக்கு இல்லை, எடைக் கணக்குதான் இருந்தது. பறிக்கிறவளுக்கு ரூபாய் வார முடிவில்தான், எடை தினமும். இது அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும். இன்னொன்று, அந்த ரைட்டர் கெட்டவனாக இல்லை. ‘அரைக்கு வரும்போது அவருடைய பேனா கொஞ்சம் நிற்கும், பிறகு போகும்’ என்று ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்கும் மனசாட்சி என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார். வில்லனை ஒரு வாக்கியத்துக்காவது மனிதனாக்கத் தெரிந்தவருக்கு நான் எப்போதும் கூடுதலாக இரண்டு மதிப்பெண் போடுவேன்.

பரிசளிப்பு அன்று அந்த அம்மாள் காப்பித்தூள் பொட்டலத்தை வாங்கி, உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘சரியாக அரைக் கிலோதானே, ரைட்டரய்யா?’ எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

தெரிந்ததைச் சரியாகச் சொல்லுங்கள்

‘அவள் காப்பி இலை பறித்துக்கொண்டிருந்தாள்’ என்று ஒரு கதை தொடங்கியது. தேயிலைக்குத்தான் கொழுந்து பறிப்பார்கள், காப்பிக்குப் பழம். இன்னொரு கதையில் கதாநாயகி வெள்ளைப் பூக்களுக்கு நடுவே நின்று சிவந்த பழங்களைப் பறிக்கிறாள். காட்சி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்க வைக்கும் பூமழை பெய்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூக்கும், நாலைந்து நாளில் பூ உதிரும். பழம் சிவக்க நவம்பர் ஆகும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. கோடைக்கானல் பக்கம் 2018-ல் பூத்தபோது எங்களுக்கு மாதம் தவறாமல் குறிஞ்சிக் கதை வந்தது. அதில் ஒருவர் எழுதிய கதையில் காதலர்கள் ஆண்டுதோறும் அதே பூவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்.

நடுவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் மூவரில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்தக் கதையில் யார் செத்தாலும் நம்பிக்கை வராது. உங்களுக்குத் தெரியாத வேலையை எழுதாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள். அவர் பயன்படுத்தும் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஓக் மரத்தை வெள்ளோக் மரம் என்று அகராதி பார்த்து எழுதாதீர்கள். தோட்டத்தில் அதைச் சவுக்கு என்பார்கள், சமவெளிச் சவுக்கு வேறு மரமாக இருந்தாலும்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கியவையும் வருகின்றன. பிழையே இருக்காது, எல்லாப் பாத்திரங்களும் பெருமூச்சு விடுவார்கள், காப்பியில் எப்போதும் ஆவி பறக்கும். யாருக்கும் பல் வலிக்காது.

நடுவர்கள் சண்டை போடும்போது

வெளியே இருப்பவர்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் பரிசு கொடுக்கிறோம் என்று நினைக்கிறார்கள். கூட்டுகிறோம், உண்மை. ஆனால் முதல் பரிசு அப்படி வருவதில்லை. எல்லோருக்கும் பிடித்த கதை இரண்டாம் பரிசு வாங்கும். ஒருவர் விடாப்பிடியாக நின்ற கதைதான் முதல் பரிசு வாங்கும்.

ஒரு மாதம் இரண்டு கதைகள் மீதியாயின. ஒன்றில் ஒரு சொல் கூடுதலில்லை, குறைவில்லை. மற்றதில் பிழை மலிந்து கிடந்தது. திண்டுக்கல்லில் இறந்துபோன அப்பாவின் உடலை மகன் காய்கறி வேனில் மலைக்குக் கொண்டுவருகிறான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பிப் பார்த்து, ‘அப்பா, வளைவு வருகிறது, பிடித்துக்கொள்ளுங்கள்’ என்கிறான். டிரைவர் முதலில் முறைக்கிறார். ஐந்தாவது வளைவில் டிரைவரே, ‘ஐயா, வளைவு’ என்கிறார். டீச்சரம்மா ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து எடுத்து வந்திருந்தார். பக்கமே சிவந்து கிடந்தது. டீக்கடைத் தம்பி மேசையைத் தட்டினார். ‘ரைட்டரண்ணே, சந்தி பிழை என்று செத்தவரை வேனிலிருந்து இறக்கிவிடப் போகிறீர்களா?’ டீச்சரம்மா அரை நிமிடம் பேசவில்லை. பிறகு அவரே முதல் பரிசு என்று எழுதினார். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் பிழைகளைத் திருத்தியவரும் அவர்தான்.

ஆகவே, யாருக்கும் நெருடாத கதை வேண்டும் என்று கூர்மையை எல்லாம் தேய்த்துவிடாதீர்கள். மூவரில் ஒருவராவது மேசையைத் தட்ட ஒரு காரணம் கதைக்குள் இருக்க வேண்டும். ஒற்றுப் பிழையைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடவும் வேண்டாம். எல்லா ஊரிலும் டீச்சரம்மா இரங்க மாட்டார்.

போன மாதம் ஜெயித்ததை என்ன செய்வது

படியுங்கள். ஆனால் போன மாதக் கதையை மட்டும் படிக்காதீர்கள். மாதப் போட்டியில் இது பெரிய வலை. யானை வந்த கதைக்கு ஒருமுறை பரிசு கொடுத்தோம். மறுமாதம் ஏழு யானைகள் வந்தன. ஒரு யானை கடிதம்கூட எழுதியது. ஏழும் மலை இறங்கிப் போய்விட்டன. அதே நடுவர்கள், அதே மாதிரிக் கதையை முப்பது நாளில் மறுபடி படிக்கும்போது முந்தையதோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வருஷத்துப் பரிசுக் கதைகளை மொத்தமாக எடுத்துவைத்து ஒரே மூச்சில் படியுங்கள். விஷயம் வேறு வேறாக இருக்கும். இந்த நடுவர்கள் எதற்கு இரங்குகிறார்கள், எதற்கு எரிச்சல்படுகிறார்கள் என்பது ஆறாவது கதைக்குள் பிடிபட்டுவிடும்.

பெரிய அளவில் இதைச் செய்ய ஒரு வசதி உண்டு. சென்னையில் 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, பத்திரிகைகளில் வெளியான கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முடிவில் அந்தப் பன்னிரண்டிலிருந்து ஒன்றைச் சிறந்ததாக அறிவித்து வந்தது. அவர்களுடைய ஆண்டுத் தொகுப்புகள் பழைய நூலகங்களில் கிடைக்கும். எங்கள் நூலகத்திலேயே சில உண்டு, செல்லரித்த நிலையில். பன்னிரண்டையும் படித்து, எது ஆண்டின் கதை என்று நீங்களே முடிவு செய்துவிட்டு, பிறகு அவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று பாருங்கள். உங்கள் முடிவும் அவர்கள் முடிவும் மோதுகிற இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் பத்துப் பட்டறைக்குப் போன பலன்.

போட்டிக்கு எழுதுவது மட்டம் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். எங்கள் மலைக்கு ஏறும் பஸ் புறப்படுகிற வத்தலக்குண்டு, மணிக்கொடி இதழின் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் பி.எஸ். ராமையாவின் ஊர். அவர் தம் முதல் கதையை எழுதியதே ஆனந்த விகடன் நடத்திய போட்டிக்காகத்தான். அவருக்கு ஆகும் என்றால் நமக்கு என்ன?

கடைசிப் பத்தியை உள்ளங்கையால் மூடுங்கள்

கதையை முடித்ததும் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு அதற்கு மேலே உள்ளதை மட்டும் படியுங்கள். கதை முடிந்துவிட்டதா? அப்படியானால் கைக்குக் கீழே இருப்பது கதை இல்லை, உங்கள் விளக்கவுரை. அரைக் கிலோ கதையிலும் சுண்ணாம்புக்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. ஏழைகளின் கணக்கை எழுத ஒரு நாள் வரும் என்று. டீச்சரம்மா தொலைபேசியில் அந்தப் பத்தி வேண்டாம் என்று சொன்னபோது, எழுதியவர் இரண்டு நாள் பிடி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், ‘சரி, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும், எனக்கு மனசில்லை’ என்றார். மனசில்லாமல்தான் வெட்டுவோம். வெட்டியது வலித்தால் சரியான இடத்தில் வெட்டியிருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொள்வேன். சில நேரம் தவறான இடத்திலும் வலிக்கும், அதற்கு வைத்தியம் இல்லை.

தலைப்பைப் பற்றி ஒரே வரி: ஒரே மாதத்தில் மூன்று ‘விடியல்’ வந்து, எது யாருடையது என்று தெரியாமல் ஒரு வாரம் திண்டாடியிருக்கிறேன்.

மாதத் தலைப்புக் கொடுத்து நடத்தும் போட்டி என்றால், தலைப்பைப் பார்த்ததும் தோன்றும் முதல் மூன்று யோசனைகளை விட்டுவிடுங்கள். ‘மழை’ என்றதும் உங்களுக்குத் தோன்றியதுதான் மற்ற இருபது பேருக்கும் தோன்றியிருக்கும்: ஒழுகும் கூரை, குடைக்குள் காதல், வராத மழைக்குக் காத்திருக்கும் விவசாயி. நான்காவதாக ஒன்று வரும். கொஞ்சம் கோணலாக இருக்கும். அதை எடுங்கள்.

உறைக்குள் வைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் என் முதல் அடுக்கில் விழுகிறார்கள்.

சொல் வரம்பு 1,200 என்றால் 1,200. கைப்பிரதியில் எண்ணச் சோம்பல் பட்டால், நான்கு வரியை எண்ணி சராசரி பாருங்கள். என் கையெழுத்தில் வரிக்கு ஏழு சொல், பக்கத்துக்கு 24 வரி, ஆக 168. ஏழு பக்கத்தைத் தாண்டினால் எனக்கே எச்சரிக்கை மணி அடிக்கும். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, பக்க எண் போடுங்கள். ஒருமுறை ஜன்னல் காற்றில் இரண்டு கதைகள் கலந்து, மாமியார் ஒருத்தி நாலாம் பக்கத்தில் போலீஸ்காரராக மாறிவிட்டார். பெயரும் முகவரியும் தனித்தாளில். கதைத் தாளில் பெயர் இருந்தால் நடுவர்களுக்குக் கொடுக்க முடியாது. சொந்தப் படைப்பு, வேறு எங்கும் வெளிவரவில்லை, வேறு போட்டிக்கு அனுப்பவில்லை என்ற உறுதிமொழியைக் கையெழுத்தோடு வையுங்கள். வைத்துவிட்டு இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். நாங்கள் பரிசு அறிவித்த வாரமே ஒரு கதை ஒரு பத்திரிகையிலும் வந்து, எழுதியவருக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியது.

கைபேசியில் பேசித் தட்டச்சு செய்கிறவர்கள் அனுப்பும் முன் வாய்விட்டுப் படிக்கவும். கைபேசிக்கு லகரமும் ளகரமும் ஒன்றுதான். ‘பாட்டி அதிகாலையில் எழுந்து கொள்ளைக்குப் போனாள்’ என்று வந்த கதையை இரண்டு பக்கம் வரை துப்பறியும் கதை என்று நினைத்துப் படித்தேன்.

கடைசி நாளில் அனுப்பாதீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன்: மாத நடுவில் வந்த கதையை நான் தெம்போடு படிக்கிறேன், கடைசி நாள் வந்த பதினைந்து கதைகளை இருமலோடு படிக்கிறேன்.

தோற்ற கதையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தபால்தலை ஒட்டிய உறை வைத்தால் அனுப்பிவிடுகிறோம். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருக்கும். நான் படித்துக்கொண்டே வந்து எங்கே கவனம் கலைந்ததோ அங்கே போட்ட கோடு. அதற்கு மேல் விளக்கம் எழுத எனக்கு நேரமில்லை. பட்டிவீரன்பட்டியில் ஒருவர் ஒரே கதையை மூன்று தடவை அனுப்பினார். முதல் தடவை கோடு இரண்டாம் பக்கத்தில். அடுத்த ஆண்டு ஐந்தாம் பக்கத்தில். மூன்றாம் தடவை கோடு போட மறந்துவிட்டேன். பரிசு வாங்கிய பிறகும் ‘ஏன் கோடு போடவில்லை’ என்று சண்டைக்கு வந்தார்.

இந்த மாதத் தலைப்பு ‘கடன்’. கடைசி நாள் 25. அன்று மாலை பஸ்ஸில் கண்டக்டர் கொண்டுவரும் உறைகள் வரை எடுத்துக்கொள்வோம்.